சாயல் என்பது அழகுதானா?

வாசகர் கேள்வி, சனவரி 9

பழைய பாடல்களில் வரும் ஏர், எழில், கவின், வனப்பு, நலம், சாயல் ஆகிய எல்லாவற்றுக்கும் உரைநூல்களில் "அழகு" என்ற ஒரே பொருளைத்தான் காண்கிறேன். அப்படியானால் இவை எதுகைக்கும் மோனைக்கும் ஏற்பப் புலவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட சொற்கள்தாமே? அவற்றிலும் சாயல் என்பது பெண்களை வருணிக்க மட்டுமே பயன்பட்டு, மயிலோடு ஒட்டிக்கொண்டே வந்து தேய்ந்துபோன சொல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கவும்.

சனவரி 9, இரவு

மறுக்கிறேன். தொல்காப்பிய உரியியலில் இரண்டே சொற்களால் ஆன நூற்பா ஒன்று உண்டு: "சாயல் மென்மை". அழகு என்ற சொல் அங்கே இல்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வதற்கென்றே எழுந்த இயலில், அழகு என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் மென்மை என்று சொல்கிறார் என்றால், அதைப் பொருட்படுத்தாமல் நாம் அழகு என்று எழுதிக்கொண்டிருப்பது சோம்பல்தான்.

பெண்களுக்கு மட்டும் உரியது என்பதற்கும் மறுப்பு உண்டு. புறநானூற்றின் 105ஆம் பாட்டில் கபிலர், ஆடிப் பாடிப் பரிசில் பெறும் ஒரு விறலியைப் பாரியிடம் ஆற்றுப்படுத்துகிறார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மலையின் சிகரந்தோறும் அருவியாக இறங்கி, கொள் விதைக்க உழுத அகன்ற நிலத்தில் வாய்க்காலாக ஓடுகிற நீரைச் சொல்லிவிட்டு, "நீரினும் இனிய சாயல் பாரி வேள்" என்று முடிக்கிறார். இங்கே சாயல் உடையவன் ஒரு வேள். மீசையும் வாளும் உள்ளவன். அவனுக்கு உவமையாக வருவது மயிலாக இல்லாமல் நீராக இருக்கிறது. "நீரைவிட இனிய அழகு" என்று இந்த வரிக்குப் பொருள் எழுதிப் பாருங்கள். நீரின் இனிமை எங்கே, அழகு எங்கே என்று இரண்டும் இரண்டு பக்கம் நிற்கும். "நீரைவிட இனிய மென்மை" என்று எழுதினால் வரி தானாகக் கூடிக்கொள்கிறது.

சனவரி 10

ஒரு பாட்டை வைத்துக்கொண்டு விதி சொல்ல முடியாது என்று பதில் வந்திருக்கிறது. நியாயம்தான். பதிற்றுப்பத்தின் 86ஆம் பாட்டைத் தருகிறேன். இளஞ்சேரல் இரும்பொறையைப் பெருங்குன்றூர்கிழார் பாடியது. போர்க்களம் புலால் நாறும்படி கொன்று வென்ற வேலை உடைய பொறையன் என்று ஊரார் சொல்லக் கேட்டு, அச்சம் தரும் கொடிய வெம்மை உடைய ஆள் அவன் என்று எண்ணியிருந்ததாகப் புலவர் ஒப்புக்கொள்கிறார். நேரில் கண்ட பிறகோ, "சாந்துவரு வானி நீரினும் தீந்தண் சாயலன்" என்று வியக்கிறார். வெம்மையும் தண்மையும் எதிரெதிராக நிற்கும் பாட்டு இது. சாயல் அங்கே தண்மையின் பக்கத்தில் நிற்கிறது. இங்கேயும் உவமை நீர்தான், இங்கேயும் ஆள் ஆண்தான்.

இந்தப் பாட்டை முதன்முதலில் உரையின்றிப் படித்த நாளில் "வெப்புடை ஆடூஉச் செத்தனென்மன் யான்" என்ற அடியில் புலவர் செத்தே போய்விட்டார் என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செத்தனென் என்றால் கருதினேன் என்று பொருள். அப்போது எனக்கு வயது 19. தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சனவரி 12

மயிலைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறேன் என்கிறார் இன்னொருவர். தவிர்க்கவில்லை, அது கடினமான இடம் என்பதால் தள்ளிப்போட்டேன்.

சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் பகுதி எல்லாருக்கும் தெரியும். "மாயிரும் பீலி மணிநிற மஞ்ஞைநின் சாயற்கு இடைந்து தண்கான் அடையவும்" என்கிறான். அடுத்த வரியில் அன்னம் அவளுடைய மென்னடைக்குத் தோற்று நீர்நிலையின் மலர்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதற்கு அடுத்து, குழலையும் யாழையும் அமிழ்தையும் குழைத்த அவளுடைய மழலைப் பேச்சுக்குக் கிளி தோற்கிறது.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். நடை அன்னத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. பேச்சு கிளிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மயிலுக்கு மிஞ்சிய சாயல், நடையும் ஆகாது, குரலும் ஆகாது. (மயிலின் குரலை யாரும் ஒரு பெண்ணுக்கு உவமையாகச் சொல்லத் துணியமாட்டார்கள் என்பது வேறு.) நிறம் என்று சொல்லலாமா? மணிநிறம் மயிலுக்கு அடைமொழியாக வருகிறதே தவிர, கண்ணகியிடம் அது தோற்றது என்று கோவலன் சொல்லவில்லை. எஞ்சுவது தோகை. தோகையில் எது சாயல்? கண்ணால் பார்க்கும்போதே கை தொட்டதுபோல் உணரும் ஒரு மென்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மயிற்பீலியைப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடும் என்று காத்திருந்த தலைமுறையினருக்கு நான் இதை விளக்கவேண்டியதில்லை.

சனவரி 12, சற்றுப் பின்

மேலே கிளியும் தோற்று ஓடியதுபோல் தொனிக்கும்படி எழுதிவிட்டேன். அது தவறு. கிளி வருந்தியும் ஓடவில்லை. கண்ணகியின் மலர்க்கையை விட்டு நீங்காமல் கூடவே தங்கிவிட்டது. மயில் காட்டுக்குப் போனது, அன்னம் குளத்துக்குப் போனது, கிளி போகவில்லை. இவ்வளவும் சொல்லிப் பாராட்டிய கோவலன் போய்விட்டான் என்பதையும் சேர்த்து நினைத்தால், இளங்கோ அந்தப் பேச்சைக் "குறியாக் கட்டுரை" என்று சொன்னதன் உறைப்பு தெரிகிறது. ஆனால் இது சாயலைப் பற்றிய பேச்சு ஆகாது, நிறுத்திக்கொள்கிறேன்.

சனவரி 17

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு பிரான்மலைக்குப் போயிருந்தேன். பாரியின் பறம்பு அதுதான் என்று கருதப்படுகிறது. கபிலரின் அருவியைக் காட்டுகிறேன் என்று மகளிடம் வீரம் பேசியிருந்தேன். நான் கண்ட சரிவுகளில் பாறைதான் இருந்தது. பாதி ஏறி இறங்கியதும் அடிவாரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அந்த வீட்டு அம்மா, கேட்பதற்கு முன்பே, மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தச் செம்பைக் குடித்து முடித்தபோது எனக்கு இந்த விவாதம் நினைவுக்கு வந்தது. நீர் இனியது என்று கபிலர் சொன்னதைச் சுவை என்று மட்டும் இதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். கேளாமலே கிடைத்தது என்பதும் அந்த இனிமையில் சேரும் என்று இப்போது எண்ணுகிறேன். பெய்யினும் பெய்யாதாயினும் இழிந்து வருகிற நீர் என்று அவர் மெனக்கெட்டுச் சொன்னதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பாரியின் சாயல், வருபவரின் தகுதியையும் வரும் காலத்தையும் பாராத மென்மை. விறலிக்கு வழி சொல்லும் பாட்டில் அவள் அறிந்துகொள்ளவேண்டிய செய்தியும் அதுதான். அவன் பார்க்க அழகாக இருப்பானா என்பது அவளுக்கு எதற்கு? புறநானூற்றின் 110ஆம் பாட்டில் அதே கபிலர் "தண்பறம்பு நன்னாடு" என்கிறார். நாட்டுக்குத் தண்மை, தலைவனுக்குச் சாயல்.

சனவரி 18

குறளிலும் சாயல் வருகிறதே என்று நினைவூட்டியவருக்கு நன்றி. 1183ஆம் குறள்:

"சாயலும் நாணும் அவர்கொண்டார் கைம்மாறா
நோயும் பசலையும் தந்து"

பிரிந்துபோன தலைவனைப் பற்றித் தலைவி பேசுகிறாள். சாயலையும் நாணத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக நோயையும், பிரிவால் மேனியில் படரும் நிறமாற்றமான பசலையையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்கிறாள். பரிமேலழகர் சாயலுக்கு மேனியழகு என்று பொருள் கொள்கிறார். எனக்கு எதிரான சாட்சியாக இதை நீங்கள் காட்டலாம், மறைக்க விரும்பவில்லை.

இந்தக் குறளை வகுப்பில் நடத்தியபோது நடந்ததைச் சொல்கிறேன். நான் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். "சாயலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்" என்று சொன்னதும் ஒரு மாணவன் எழுந்து, "அப்படியென்றால் அவருக்கு இவள் சாயல் வந்துவிட்டதா, ஐயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் பிழை செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்த சாயல், "அப்பா சாயல்", "தாத்தா சாயல்" என்று வீட்டில் புழங்குகிற சாயல். அவனுடைய கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்லாமல், இங்கே சாயல் என்றால் அழகு, எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போனேன். இந்த இழையில் நான் யாரைச் சோம்பல் என்று குறை சொன்னேனோ, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

சனவரி 19

மென்மை எப்படி ஒப்புமை ஆனது? வடமொழிச் சாயை, அதாவது நிழல், வந்து கலந்ததுதான் காரணம் என்று நேற்றிரவு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். காலையில் படித்தபோது அத்தனை உறுதியாகச் சொல்ல எனக்கு ஆதாரம் போதவில்லை. நிழல், உருவம், ஒப்பு என்று அந்த வழியில் பொருள் நகர்ந்திருக்கலாம். ஆனால் தமிழுக்குள்ளேயே இன்னொரு வழியும் இருக்கிறது. "மயிற்சாயல்" என்ற தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்கிற காது, மயிலினுடையது போன்ற மென்மை என்பதை விட்டுவிட்டு, மயிலைப் போன்றிருத்தல் என்று கேட்கத் தொடங்கியிருக்கலாம். தொடரில் உவமையாக இருந்தது சொல்லின் பொருளாகவே படிந்துவிட்டது என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

சனவரி 25

சிறுபாணாற்றுப்படையைத் திரும்பப் படித்தேன். நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாணரோடு நடந்துவரும் விறலியரை வருணிக்கும் தொடக்கப் பகுதியில் இந்த அடிகள் வருகின்றன:

"மணிவயின் கலாபம் பரப்பிப் பலவுடன்
மயில்மயிற் குளிக்கும் சாயல் சாஅய்
உயங்குநாய் நாவின் நல்லெழில் அசைஇ"

குளிக்கும் என்பதற்கு மறையும் என்று பொருள். மயில்கள் குளியல் போடவில்லை. தோகையை விரித்த மயில்கள், இவர்களுக்கு நாணித் தம் பேடைகளுக்கு இடையே போய் மறைகின்றன. அப்படிப்பட்ட சாயல் "சாஅய்", அதாவது வாடி, நடந்த களைப்பால் குறைந்துவிட்டது என்று புலவர் அடுத்த சொல்லிலேயே சொல்லிவிடுகிறார். ஒரே வேரிலிருந்து சாயலையும் சாய்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த துணிச்சலை என்ன சொல்வது! மென்மை என்பது தளர்ச்சிக்கு அடுத்த வீடு என்று காட்டிவிட்டார்.

சனவரி 26

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உரையைப் பார்க்காமல் உற்சாகத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அந்தப் பகுதி அந்தாதியாகத் தொடுக்கப்பட்டது. "கதுப்பின்" என்று ஒரு வருணனை முடிந்தால், "கதுப்பென" என்று அடுத்தது தொடங்கும். "அடியின்" என்று முடிந்தால், "அடிதொடர்ந்து" என்று தொடங்கும். அதேபோல "சாயல்" என்று முடிந்த இடத்தில், அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு "சாஅய்" என்று அடுத்த வருணனை தொடங்குகிறது. சாய்ந்தது விறலியின் சாயல் அல்லவே அல்ல. ஓடி இளைத்து வருந்துகிற நாய். அந்த நாயின் நாக்கைப் போலச் சிவந்து மெலிந்த பாதங்கள் என்று உவமை போகிறது. நான் பெரிய தத்துவமாகக் கண்டுபிடித்தது ஒரு நாய்க்குச் சொந்தமானது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். மயிலுக்குச் சாயலும், நாயின் நாவுக்கு எழிலும் வருகின்றன. "நாவின் நல்லெழில்" என்றே புலவர் எழுதியிருக்கிறார். நாய் நாக்கின் எழில் என்று இன்று ஒரு கவிஞர் எழுதினால் நாம் புதுக்கவிதை என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம். எழிலையும் சாயலையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நாவுக்குச் சாயல் பொருந்தவில்லை. ஏன் என்று தெரியவில்லை, யோசிக்கிறேன்.

பிப்ரவரி 2

விடை தொல்காப்பியப் பொருளியலில் இருந்தது. பல வாரங்களாக, உரியியல் இருக்கும் சொல்லதிகாரத்தையே புரட்டிக்கொண்டிருந்ததால் பொருளதிகாரத்தின் பக்கம் போகவில்லை.

"ஒப்பும் உருவும் வெறுப்பும் என்றா
கற்பும் ஏரும் எழிலும் என்றா
சாயலும் நாணும் மடனும் என்றா
நோயும் வேட்கையும் நுகர்வும் என்றாங்கு
ஆவயின் வரூஉங் கிளவி எல்லாம்
நாட்டியல் மரபின் நெஞ்சுகொளின் அல்லது
காட்ட லாகாப் பொருள என்ப"

இவையெல்லாம் நெஞ்சால் உணர்ந்தாலன்றி எடுத்துக் காட்ட முடியாத பொருள்கள் என்கிறது நூற்பா. இழையைத் தொடங்கியவர் ஒன்றென்று சொன்ன ஏர், எழில், சாயல் மூன்றும் இங்கே தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கின்றன. ஒரே பொருள் உடையன என்றால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மூன்றையும் பிரித்துக் காட்டுகிறார். ஏர் என்பது எழுகின்ற நலம். எழில் என்பது, வளர்ந்து அமைந்த பருவத்திலும், வளர்ச்சி முடிந்துவிடவில்லை, இன்னும் வளரும் என்பதுபோல் காட்டுவது. சாயல் என்பது ஐம்பொறியால் நுகரும் மென்மை.

எழிலுக்கு அவர் தரும் விளக்கத்தை நான் பலமுறை படித்தேன். முழுமை அடைந்தும் முடிவடையாததுபோல் தோன்றுவது என்பதைச் சொல்ல ஒரு மொழி தனிச்சொல் வைத்திருக்கிறது. நாமோ அதைக் கடைப் பலகைகளுக்கும் வாழ்த்து மடல்களுக்கும் கொடுத்துவிட்டு, அகராதியில் அழகு என்று எழுதி முடித்துக்கொண்டோம். நாய் நாவுக்கு எழில் ஏன் பொருந்தியது என்பதும் ஓரளவு விளங்குகிறது: வெளியே நீண்டு, இளைப்பினால் அசைந்து, இன்னும் நீளும் என்பதுபோல் இருக்கிற நாக்கு. இது உரையாசிரியர் சொன்னதன்று, என் நீட்டிப்பு.

சாயலுக்கு வருவோம். ஐம்பொறியால் நுகரும் மென்மை என்ற விளக்கத்தில் என் மயில் சிக்கலும் நீர் சிக்கலும் ஒருசேரத் தீர்கின்றன. மயில் கண்ணுக்கு மென்மை. நீர் நாவுக்கும் மேனிக்கும் மென்மை. கண்ணால் தொடுவது என்று 12ஆம் தேதி நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை அவர் மூன்று சொற்களில் முன்பே சொல்லிவைத்திருக்கிறார்.

இன்னொன்று. "சாயலும் நாணும்" என்று குறளில் வரும் இணை, நூற்பாவில் வரும் அதே இணை, அதே வரிசை. வள்ளுவர் அழகு என்ற பொதுப்பொருளில் போட்ட சொல் என்று இனி என்னால் நம்ப முடியவில்லை. கையால் எடுத்துக் காட்ட முடியாத இரண்டைக் கொண்டுபோனவன், எல்லாரும் கண்ணால் பார்க்கும்படியான பசலையைக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்றால், அந்தப் பண்டமாற்றில் தலைவிக்கு எவ்வளவு இழப்பு என்று எண்ணிப் பாருங்கள். களவு போனதற்கு அடையாளம் சொல்ல முடியாது; கிடைத்ததை மறைக்க முடியாது.

பிப்ரவரி 3

பசலை என்றதும் வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டு (27) நினைவுக்கு வந்தது. கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திய பாலைப்போல, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் "மாமைக் கவினை"ப் பசலை உண்ண விரும்புகிறது என்கிறாள் அந்தத் தலைவி. அங்கே கவின் என்பது பால்போல் அளவுள்ள பொருள்; சிந்தும், உண்ணப்படும். சாயலை அப்படிச் சிந்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கவினுக்குத் தனி இழை ஒன்று வேண்டும். வேறு யாராவது தொடங்குங்கள்.

பிப்ரவரி 9

நச்சினார்க்கினியரைப் புகழ்ந்து ஒரு வாரம் ஆவதற்குள் அவரோடு ஒரு சிறு சண்டை. ஐம்பொறியால் நுகர்வது என்றால், பொறிக்கு முன்னால் பொருள் இருந்தாக வேண்டும். நூற்பாவோ நெஞ்சு கொண்டாலன்றிக் காட்ட முடியாது என்கிறது. பொறி பெரிதா, நெஞ்சு பெரிதா?

கம்பர் இதற்கு ஓர் எல்லைநிலை வைத்திருக்கிறார். ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை வந்து சீதையை இராவணனுக்கு வருணிக்கிறாள். அவன் சீதையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அப்போது வருகிறது இந்தப் பாட்டு:

"மயிலுடைச் சாயலாளை வஞ்சியா முன்னம் நீண்ட
எயிலுடை இலங்கை நாதன் இதயமாம் சிறையில் வைத்தான்
அயிலுடை அரக்கன் உள்ளம் அவ்வழி மெல்ல மெல்ல
வெயிலுடை நாளில் உற்ற வெண்ணெய்போல் வெதும்பிற் றன்றே"

சீதைக்கு எத்தனையோ பெயர் இருக்க, இங்கே சாயலாள் என்ற பெயரைக் கம்பர் தேர்ந்தெடுத்தது எதுகைக்காக மட்டுமா? மயில், எயில், அயில், வெயில் என்று எதுகை மயிலைத்தான் கட்டாயப்படுத்துகிறது, சாயலைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்க்காத ஒருத்தியின் மென்மை, சொற்களின் வழியே உள்ளே போய், கல்லாக இருந்த உள்ளத்தை வெண்ணெய் ஆக்குகிறது. மென்மை தொற்றிக்கொள்கிறது. கண், மூக்கு, நாக்கு, மேனி எதுவும் இங்கே வேலை செய்யவில்லை. காது ஒன்று வழிவிட்டது, நெஞ்சு கொண்டது. நூற்பாவுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அது ஓர் அரக்கனின் நெஞ்சாக இருப்பது கம்பரின் குறும்பு.

"அழகு" என்ற சொல்லை நான் இழிவுபடுத்துவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி எண்ணவில்லை. இராமனைப் பாடும்போது மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ என்று உவமைகளை அடுக்கிப் பார்த்து எதுவும் போதாமல், "ஐயோ இவன் வடிவென்பதோர் அழியா அழகுடையான்" என்று அதே கம்பர் எளிய சொல்லில் வந்து நிற்கிறார். அங்கே சாயல் என்று போட்டால் பாட்டு கெட்டுவிடும். எல்லா இடத்திலும் அழகு என்று உரை எழுதுவதால், அழகு என்று கவிஞரே சொன்ன இடத்தின் வலுவும் சேர்ந்து போய்விடுகிறது என்பதுதான் என் குறை.

பிப்ரவரி 16

அடுத்த ஆண்டு மாணவர்களுக்காக அருஞ்சொற்பொருள் தாள் ஒன்றைத் திருத்தி எழுதினேன். புறநானூற்று வரிக்கு நேராக "மென்மை" என்று எழுதினேன். குறளுக்கு நேராக "மேனியின் மென்மை" என்று எழுதியதில், பரிமேலழகருக்குப் பாதி, தொல்காப்பியருக்குப் பாதி என்று பங்கு வைத்தாகிவிட்டது. கம்பரின் பாட்டுக்கு நேராக எதுவும் எழுத மனம் வராமல் இடத்தைக் காலியாக விட்டு, மாணவர்களே எழுதட்டும் என்று குறிப்புப் போட்டேன்.

சக ஆசிரியை தாளை வாங்கிப் பார்த்தார். காலியிடத்துக்கு யார் மதிப்பெண் போடுவது என்று கேட்டார். தேர்வில் "அழகு" என்று எழுதுகிறவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும், "மென்மை" என்று எழுதுகிறவன் திருத்துபவரின் கையில் மாட்டிக்கொள்வான் என்றும் சொன்னார். அவர் சொல்வது உண்மை என்பதால், இரண்டையும் எழுதி நடுவில் ஒரு காற்புள்ளி வைத்திருக்கிறேன். முன்பு கேள்வி கேட்ட அந்த மாணவன் இப்போது கல்லூரியில் பொறியியல் படிக்கிறான். அவனுக்கும் ஒரு படி அனுப்பினேன்.